காற்று வில்லின் வரலாறு: மாற்றுவதா, செப்பனிடுவதா?

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தையே புகழ்ந்து சென்றனர். அதன் ஆற்றல் எத்தனை குதிரைகளுக்கு ஈடு, அது மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்பனவே பேச்சாயின. வண்டியில் அமர்ந்து செல்வோரின் முதுகெலும்பைக் காத்துவரும் வில்லைப் பற்றிப் பேசியவர் சிலரே. அவ்வில்லிலும், இரும்பை நீக்கிவிட்டுக் காற்றையே வில்லாக்கிய முயற்சியின் வரலாறு மிகுந்த சுவையுடையது, படிப்பினையும் உடையது.

அப்படிப்பினை யாது? காற்றை ஓர் உறைக்குள் அடைத்து, அதன்மேல் வண்டியைத் தாங்கவைக்கும் வழி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மனிதனுக்குத் தெரிந்துவிட்டது. எனினும் அது பலமுறை தோன்றிப் பலமுறை மறைந்தது. அது நிலைத்த இடங்களையும் வீழ்ந்த இடங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பழுது நேர்ந்தால் திறந்து செப்பனிடக்கூடியதாய் இருந்த இடத்தில் அது வாழ்ந்தது. திறக்க இயலாமலோ, திறக்கத் தெரிந்தவர் இல்லாமலோ போன இடத்தில் அது பெரும்பாலும் வீழ்ந்தது. கண்டுபிடிப்பின் சிறப்பு ஒரு பாதி என்றால், செப்பனிடுவோனின் கைத்திறன் மறுபாதியாகும்.

வில்வண்டியும் காற்றும்

தமிழர்க்கு வில்வண்டி புதிதன்று. வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் கூண்டைப் பொருத்திய மாட்டு வண்டியையே அப்பெயரால் வழங்கினர். ஐரோப்பியக் குதிரை வண்டிகளுக்கும், பின்னர் வந்த மோட்டார் வண்டிகளுக்கும் இவ்விரும்புப் பட்டை வில்லே நெடுங்காலம் துணையாய் இருந்தது. உறுதியானது, விலை குறைந்தது, உடைந்தால் ஊர்க் கொல்லனே புதிய பட்டை அடித்துத் தருவான்.

ஆனால் இரும்பு வில்லுக்கு ஒரு குறையுண்டு. அதன் விறைப்பு ஒரே அளவினது. ஒருவன் மட்டும் ஏறிச் சென்றால் வில் விறைத்து நின்று அவனைத் தூக்கித் தூக்கிப் போடும். பத்துப் பேர் ஏறினாலோ தாழ்ந்து தரையை நோக்கும். பாரம் குறைந்தபோதும் மிகுந்தபோதும் ஒரே உயரத்தில், ஒரே மென்மையுடன் வண்டி செல்லவேண்டுமாயின் வில்லின் விறைப்பு பாரத்திற்கேற்ப மாறவேண்டும். இரும்பினால் இது எளிதில் ஆவதன்று. காற்றினால் ஆகும்.

1662-ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் வெளியிட்ட விதி பள்ளி மாணவரும் அறிந்ததே. வெப்பநிலை மாறாதிருக்க, அடைபட்ட காற்றின் கன அளவைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இரு மடங்காகும். அமுக்க அமுக்க மேலும் எதிர்த்து நிற்பது காற்றின் இயல்பு. அன்றியும், பாரம் கூடும்போது சிறிது காற்றைச் செலுத்தியும், குறையும்போது சிறிது காற்றை வெளியேற்றியும் வண்டியின் உயரத்தை ஒரே நிலையில் வைக்கலாம். காற்று வில்லின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

தாம்சனும் டன்லப்பும்

காற்றின்மேல் வண்டியை ஓட்டிக் காட்டிய முதல்வர் ஸ்காட்லாந்து நாட்டினரான ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், காற்றடைத்த சக்கரத்திற்கு அவர் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஊட்டிய துணியாலான குழாயில் காற்றை அடைத்து, அதன்மேல் தோலுறை போர்த்தி, ஆணிகளால் சக்கரத்தில் இறுக்கினார். 1847-இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் அவ்வண்டி ஓசையின்றி ஓடியதைக் கண்டோர் வியந்தனர். இழுக்கும் குதிரைக்கும் பளு குறைந்தது.

ஆயினும் அது பரவவில்லை. விலை மிகுதி. செய்வது கடினம். பழுதானாலோ இறுக்கிய ஆணிகளையெல்லாம் கழற்றித் தோலுறையை நீக்கவேண்டும். தாம்சனே பிற்காலத்தில் காற்றைக் கைவிட்டுக் கட்டி ரப்பர்ச் சக்கரத்திற்குத் திரும்பினார். அவர் கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகள் உறங்கியது.

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்டு டன்லப், தாம்சனைப் பற்றி ஏதும் அறியாமலேயே அதே வழியை மீண்டும் கண்டார். தம் மகனுடைய மிதிவண்டிக்காகச் செய்தது அது. மிதிவண்டி மோகம் பரவியிருந்த காலமாதலின், இம்முறை காற்றுச் சக்கரம் விரைந்து பரவிற்று. தாம்சனின் பழைய காப்புரிமை வெளிப்பட்டதால், 1890-இல் டன்லப்பின் காப்புரிமை செல்லாதென்று ஆனது வேறு கதை.

டன்லப்பின் சக்கரத்திலும் பழைய குறை நீங்கவில்லை. டயரைச் சக்கர வளையத்தோடு பசை தடவி ஒட்டியிருந்தனர். ஒரு முள் குத்திவிட்டால் ஒட்டியதைப் பிரிக்கவேண்டும், ஓட்டையை அடைக்கவேண்டும், மீண்டும் பசையிட்டு உலரவைக்கவேண்டும். ஒரு முள்ளுக்கு ஒரு நாள் போயிற்று.

மிஷெலின் சகோதரர்களின் கேள்வி

இங்கேதான் வரலாறு திரும்பியது. பிரான்சு நாட்டில் கிளேர்மோன் பெரான் என்னும் ஊரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திவந்தவர்கள் ஆந்த்ரே மிஷெலின், எதுவார் மிஷெலின் என்னும் உடன்பிறந்தார் இருவர். 1889-இல் ஒரு மிதிவண்டிக்காரர் டயர் பழுதாகி அவர்களிடம் வந்தார். டயரைப் பிரித்துச் செப்பனிட மூன்று மணி நேரமாயிற்று. பசை உலர ஓர் இரவு சென்றது. மறுநாள் எதுவார் அதில் ஏறிச் சென்று பார்த்தார். சில நூறு மீட்டர் செல்வதற்குள் காற்று மீண்டும் இறங்கிவிட்டது.

வேறொருவராயின் காற்று டயர் பயனற்றதென்று முடிவு கட்டியிருப்பார். எதுவார் அவ்வாறு எண்ணவில்லை. காற்று நல்லதே, அதை எளிதிற் செப்பனிட வழியில்லாமையே குறை என்று கண்டார். பழுதே நேராத டயரைச் செய்வது எப்படி என்று அவர் கேட்கவில்லை. பழுது நேர்ந்தால் சாலையோரத்திலேயே, வண்டிக்காரன் தன் கையாலேயே சரிசெய்யத்தக்க டயரைச் செய்வது எப்படி என்று கேட்டார். கேள்வி மாறியதும் விடை கிடைத்தது. 1891-இல் கழற்றி மாட்டத்தக்க டயருக்கு அவர்கள் காப்புரிமை பெற்றனர். ஒரு நாள் வேலை கால் மணி நேர வேலையாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பாரிசிலிருந்து பிரெஸ்த் நகர் சென்று பாரிசுக்கே திரும்பும் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. தொலைவு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மிஷெலின் டயருடன் சென்ற சார்ல் தெரோன் 72 மணி நேரத்திற்குள் முதல்வராக வந்து சேர்ந்தார். அவருடைய டயரில் முள் குத்தாமல் இல்லை. குத்திய போதெல்லாம் செப்பனிட்டுக்கொண்டு மேலே செல்ல முடிந்தது. அதுவே அவர் பெற்ற வெற்றியின் ஒரு பகுதி. மறு ஆண்டில் தாமே நடத்திய ஒரு பந்தயத்தில், மிஷெலின் சகோதரர்கள் வழியில் ஆணிகளைத் தூவி வைத்தனர் என்பர். டயர் பழுதாகும் என்பதை மறைக்காமல், பழுதானால் அஞ்சவேண்டுவதில்லை என்று மக்களுக்குக் காட்டவே அவ்வாறு செய்தனர். பொருளை விற்போர் இன்று நினைத்துப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி இது.

ரப்பரும் மலாயாவும்

காற்றைப் பிடித்து வைப்பது ரப்பர். காற்றுச் சக்கரம் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகிற்று. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழிவந்த 22 செடிகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராய் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டிச் சிதைக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை நிலைநாட்டினார். சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். மரம் பல ஆண்டுகள் பால் தரும். இம்முறையால்தான் மலாயாவில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த மக்கள் அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவினர்.

உலகத்தின் பல சாலைகளில் ஓடிய வண்டிகளின் குலுக்கலைத் தணித்த ரப்பரில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. காற்று வில்லின் பைகளில் பலவும் இயற்கை ரப்பரைக் கொண்டே செய்யப்படுகின்றன. அடிக்கடி மடிந்து நிமிரும் பொருளுக்கு இயற்கை ரப்பரின் நெகிழ்ச்சி மிகவும் ஏற்றதாதலே காரணம்.

பேருந்தில் நிலைத்தது, காரில் வீழ்ந்தது

சக்கரத்திற்குள் காற்றை அடைத்தது ஒரு கட்டம். சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பையை வைத்தது அடுத்த கட்டம். 1901-இலேயே அமெரிக்காவில் இத்தகைய வில்லுக்குக் காப்புரிமை எழுதப்பட்டது. 1930-களில் ஃபயர்ஸ்டோன் ரப்பர் நிறுவனம் பயன்படத்தக்க காற்றுப் பைகளைச் செய்து சோதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவற்றைப் பேருந்துகளில் பொருத்தியது. 1953-இல் அத்தகைய பேருந்துகள் விற்பனைக்கு வந்தன. 1954-இல் கிரேஹவுண்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற இரட்டைத் தட்டுப் பேருந்துகளும் காற்று வில்லின்மேல் ஓடின.

பேருந்தில் கிடைத்த வெற்றி காரிலும் கிடைக்குமென்று எண்ணி, 1957-இல் கேடிலாக் எல்டொராடோ புரோம் என்னும் கார் வெளியிடப்பட்டது. நான்கு சக்கரங்களிலும் காற்று வில். விலை 13,074 டாலர். அத்தொகையில் அக்காலத்துச் சாதாரணக் கார்கள் ஐந்தினை வாங்கியிருக்கலாம். 1957, 1958 ஆகிய ஈராண்டுகளில் 704 கார்களே செய்யப்பட்டன. 1958-இல் செவர்லே, பியூக், போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகிய கார்களிலும் விரும்பியவர்க்குக் காற்று வில் பொருத்தித் தரப்பட்டது.

நடந்தது என்ன? இரவில் கொட்டகையில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படிந்து கிடந்தது. மூட்டுகளில் காற்று கசிந்தது. குழாய்க்குள் புகுந்த ஈரம் குளிர்காலத்தில் உறைந்து வால்வுகளை அடைத்தது. விற்பனையாளர்களின் பட்டறைகளில் இதனை அறிந்த மெக்கானிக்குகள் இல்லை. எளிய வழி ஒன்றே இருந்தது: காற்று வில்லை முழுவதும் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்புச் சுருள்வில்லைப் பொருத்துவது. அதற்கான பொருள்களை நிறுவனமே வழங்கியது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கக் கார்களிலிருந்து காற்று வில் மறைந்தது.

ஆனால் அதே காலத்தில், அதே நாட்டில், பேருந்துகளில் காற்று வில் நிலைத்து நின்றது. இன்றும் நெடுந்தொலைவு செல்லும் பேருந்துகளில் அதனைக் காணலாம். தத்துவம் ஒன்றே, காற்றும் ஒன்றே. வேறுபாடு எங்கே? பேருந்துக் கம்பெனிக்குச் சொந்தப் பட்டறை உண்டு. காற்றால் இயங்கும் பிரேக்குகளைப் பேணிப் பழகிய மெக்கானிக்குகள் உண்டு. காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரைத் தவறாது வடித்துவிடும் வழக்கம் உண்டு. பை கிழிந்தால் பையை மட்டும், வால்வு தேய்ந்தால் வால்வை மட்டும் கழற்றி மாற்றினர். கார் வாங்கிய செல்வர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே காரில் தோற்றது காற்று வில்லன்று. அதனைப் பேணும் அறிவு அங்கே போய்ச் சேராமையே தோல்வியாயிற்று.

மாஜேயின் உருண்டைகள்

இதே காலத்தில் பிரான்சில் வேறொரு வழி பிறந்தது. 1925-இல், பதினேழு வயதில், சித்ரோயன் கார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் பால் மாஜே. பொறியியற் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். எண்ணெயையும் வாயுவையும் இணைத்து அவர் ஒரு வில்லை அமைத்தார். இரும்பாலான உருண்டை ஒன்று. அதன் நடுவே ரப்பர்ச் சவ்வு. சவ்வின் ஒரு புறம் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேடு ஏறும்போது எண்ணெய் சவ்வைத் தள்ளும். வாயு அமுங்கி வில்லாகும். பாரத்திற்கேற்ப எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் உயரத்தை நிலைநிறுத்தலாம். 1954-இல் ஒரு காரின் பின்சக்கரங்களில் மட்டும் இதனைப் பொருத்திப் பார்த்தனர். 1955 அக்டோபரில் பாரிசுக் கண்காட்சியில் டி.எஸ். என்னும் கார் நான்கு சக்கரங்களிலும் இவ்வுருண்டைகளுடன் வந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் அதற்குப் பதிவு செய்தனர்.

இதுவும் தொல்லையின்றித் தொடங்கவில்லை. முதலிற் பயன்படுத்திய எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் சேர்ந்தால் உள்ளே துருப்பிடிக்கும். 1966-இல் பச்சை நிறமுள்ள கனிம எண்ணெய்க்கு மாறினர். பழைய வகைக்குரிய ரப்பர் முத்திரைகள் புதிய எண்ணெயில் கெடும். புதிய வகைக்குரியவை பழைய எண்ணெயில் கெடும். ஆகவே புதிய உறுப்புகளுக்குப் பச்சை வண்ணம் பூசி அடையாளம் வைத்தனர். செப்பனிடுவோன் தவறக்கூடாதென்று செய்தவனே நினைத்துப் பார்த்து வைத்த குறி அது.

உருண்டையும் கழற்றத்தக்கதாகவே இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல நைட்ரஜன் சவ்வின் வழியே சிறிது சிறிதாகக் கசியும். வண்டியின் மென்மை குறையும். அப்போது அழுத்தத்தை இறக்கிவிட்டு, உருண்டையைத் திருகிக் கழற்றி, பட்டறையில் மீண்டும் வாயு நிரப்பலாம். தொடக்கக் காலத்து உருண்டைகள் இரு பாதிகளாகப் பிரியக்கூடியவை. சவ்வையே புதிதாக மாற்றலாம். பின்னர் வந்தவை பிரிக்க இயலாதபடி ஒன்றாக்கப்பட்டன. செய்வதற்கு அது மலிவு. சவ்வு கிழிந்தால் முழு உருண்டையையும் எறியவேண்டும். 1975 வரை அக்கார்கள் ஏறத்தாழ 14½ லட்சம் செய்யப்பட்டன. அவ்வகை வில்லை அந்நிறுவனம் 2017 வரை தன் கார்களில் தொடர்ந்து பயன்படுத்திற்று.

மின்னணுக் காலம்

அமெரிக்கக் கார்களில் மறைந்த காற்று வில் 1984-இல் லிங்கன் காரில் மின்னணுக் கருவிகளின் துணையோடு மீண்டும் தோன்றியது. 1992-இல் ரேஞ்ச் ரோவரிலும், 1998-இல் மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரிலும் இடம்பெற்றது. ஐரோப்பாவில் மெர்சிடிஸ் 1961-லேயே காற்று வில் பொருத்திய காரைச் செய்திருந்தது. மின்னணு மூளை அதற்குப் பின்னர் வந்தது.

இவ்வமைப்பின் உறுப்புகள் ஆறு. காற்றை அழுத்தித் தரும் கம்பிரசர். அக்காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் உலர்த்தி. காற்றைச் சேமிக்கும் தொட்டி. எந்தச் சக்கரத்திற்கு எவ்வளவு காற்று என்று பிரித்து விடும் வால்வுக் கட்டை. நான்கு காற்றுப் பைகள். உயரத்தை அளந்து ஆணையிடும் மின்னணுப் பெட்டி. வண்டிக்கு வண்டி சிற்சில மாறுதல்கள் உண்டு.

இவற்றுள் முதலிற் கெடுவது பெரும்பாலும் மிகச் சிறியதே. வால்வுக் கட்டைக்குள் மோதிரம் போன்ற ரப்பர் வளையங்கள் உள்ளன. பல ஆண்டு வெப்பத்தில் அவை உருண்டை வடிவம் இழந்து தட்டையாகும். தட்டையானால் காற்று கசியும். கசிந்த காற்றை ஈடுசெய்யக் கம்பிரசர் ஓயாது ஓடும். ஓயாது ஓடினால் சூடேறும். அதன் உள்வளையம் தேயும். உலர்த்திக்குள் உள்ள மணிகள் ஈரத்தால் நிரம்பி வேலை செய்யாமற்போகும். ஈரக்காற்று வால்வுகளுக்குச் சென்று அவற்றையும் கெடுக்கும். இறுதியில் கம்பிரசர் நின்றுவிடும்.

நின்றது கம்பிரசர், ஆகவே புதிய கம்பிரசர் பொருத்தப்படும். பெருந்தொகை செலவாகும். ஆனால் நோயின் மூலம் அப்படியே இருப்பதால், புதிய கம்பிரசரும் பழையதன் வழியே செல்லும். சில காசு பெறுமான ரப்பர் வளையத்தைத் தேடிக் காணாமையால் வரும் செலவு இது. பல உரிமையாளர் சலித்துப்போய்ச் சுருள்வில்லைப் பொருத்திக்கொண்டனர். 1950-களின் கதை மீண்டும் நடந்தது.

எனினும் இம்முறை வேறொன்றும் நடந்தது. உரிமையாளருட் சிலர் வால்வுக் கட்டையைத் தாமே திறந்தனர். உள்ளே இருந்த வளையங்களை அளந்து, அதே அளவுள்ளவற்றைக் கடைகளில் வாங்கிப் பொருத்தினர். வெற்றி பெற்றபின் அளவுகளை மறைத்து வைக்காமல் பிறர்க்கும் சொல்லினர். அதன்பின் வளையத் தொகுதிகளும், கம்பிரசரின் உள்வளையங்களும், உலர்த்தி மணிகளும் தனித்தனியே விற்பனைக்கு வந்தன. முழுப்பொருளாகவே மாற்றவேண்டும் என்று கருதப்பட்டவை செப்பனிடத்தக்கவை ஆயின.

வீட்டில் செப்பனிடும் முறை

இம்மக்கள் வகுத்துக்கொண்ட முறை அறிவியல் ஆய்வு முறைக்குச் சற்றும் குறைந்ததன்று. முதலில் அளத்தல். மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வைப்பர். காலையில் மீண்டும் அளப்பர். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அம்மூலையின் பை, குழாய், அதற்குரிய வால்வு ஆகியவற்றுள் ஒன்றிலேயே கசிவு இருத்தல் வேண்டும். சில வண்டிகளில் மின்னணுப் பெட்டி இரவில் தானே விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஈடாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். அப்போது குற்றவாளி யார் என்பது தெரியாது. ஆகவே அதன் மின்தொடர்பை முதலிலேயே துண்டித்துவிடுவர்.

அடுத்துத் தேடுதல். மிதிவண்டி டியூப்பில் ஓட்டை பார்க்கும் சிறுவனும் அறிந்த வழியே இங்கும். சோப்பு நீரைத் தூரிகையால் மூட்டுகளிலும் பையின் மடிப்புகளிலும் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். குழாய் முனையில் குமிழி எழுந்தால் பெரும்பாலும் புதிய குழாய் வேண்டுவதில்லை. கீறல் விழுந்த முனையைக் கூரிய கத்தியால் சிறிதளவு நேராக நறுக்கிவிட்டு, மீண்டும் அழுத்திச் செருகினால் போதும். வால்வுக் கட்டையில் எழுந்தால் அதனைக் கழற்றி, தூசியற்ற மேசையில், கழற்றிய வரிசை மாறாமல் அடுக்கி, வளையங்களை மாற்றுவர். வளையத்திற்குச் சிலிக்கான் பசையை மெல்லத் தடவுவர். இயற்கை ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் ஊதவைத்துக் கெடுக்கும் என்பதால் கைக்குக் கிடைத்த கிரீஸைப் பூசுவதில்லை.

கசிவை அடைத்த பின்னரே கம்பிரசரைப் பார்ப்பர். உள்வளையம் தேய்ந்திருந்தால் அதனை மாற்றுவர். உலர்த்தி மணிகளையும் புதுப்பிப்பர். மூலத்திலிருந்து விளைவை நோக்கிச் செல்லும் வரிசை இது. தலைகீழாகச் செய்தால் செலவு இரட்டிக்கும்.

செப்பனிடக் கூடாதவை

எல்லாவற்றையும் செப்பனிடலாம் என்பதும் அறியாமையே. காற்றுப் பை வெறும் ரப்பரன்று. ரப்பர் அடுக்குகளுக்கு இடையே வலிய நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பாரத்தைத் தாங்குவன அவ்விழைகளே. மடிப்பில் வெடிப்பு விழுந்து இழைகள் தெரியத் தொடங்கிவிட்டால், மேலே ஒட்டுப் போடுவதால் பயனில்லை. டியூப்புக்கு ஒட்டுப் போடலாம். டயரின் பக்கச் சுவருக்குப் போடலாகாது. அதே நியாயம் இங்கும் பொருந்தும். பையை மாற்றியே ஆகவேண்டும். அப்போதும் பையை மட்டும் மாற்ற முடிந்தால், நல்ல நிலையிலுள்ள மற்ற உறுப்புகளை எறியவேண்டுவதில்லை.

காற்று கண்ணுக்குத் தெரியாத பகையுமாகும். இவ்வமைப்பினுள் வளிமண்டலத்தைப்போல் ஏழெட்டு மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்பதுண்டு. அதனை முறைப்படி இறக்காமல் எந்த மூட்டையும் தளர்த்தலாகாது. காற்று வில் எந்த நொடியிலும் இறங்கக்கூடும். இறங்கினால் பல நூறு கிலோ எடையுள்ள வண்டி கீழே இருப்பவன்மேல் அமரும். வண்டியின் உடலை உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தாமல் அடியில் ஒருவரும் புகலாகாது. இவ்விரண்டையும் பின்பற்ற இயலாதவர் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை. தம் எல்லை அறிதலும் கைத்திறனின் ஒரு பகுதியே.

அறிவு யாருக்குரியது?

மின்னணுப் பெட்டி வந்தபின் புதியதொரு தடை எழுந்தது. பெட்டியின் மொழியைப் படிக்கும் கருவியும் செப்பனிடும் குறிப்புகளும் நிறுவனத்தாரிடமே இருந்தால், திருகாணியைக் கழற்றத் தெரிந்தும் பயனில்லை. எனவே பல நாடுகளில் வழக்கு எழுந்தது. சுதந்தரமான பட்டறைகளுக்கும் செப்பனிடும் குறிப்புகளைத் தரவேண்டும் என்று 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் கார் செப்பனிடும் உரிமைக்கு வாக்களித்தனர். கம்பியின்றி அனுப்பப்படும் வண்டிச் செய்திகளுக்கும் அவ்வுரிமையை விரிக்க 2020-இல் மீண்டும் வாக்களித்தனர்.

நிறுவனத்தாரின் சொல்லிலும் நியாயம் இல்லாமலில்லை. அரைகுறையாகச் செப்பனிட்ட வண்டி சாலையில் பிறர் உயிருக்கும் தீங்காகும். மின்னணுப் பூட்டைத் திறந்துவிட்டால் திருடர்க்கும் வழி திறக்கும் என்பர். ஆனால் அறிவை மறைப்பதால் அரைகுறை வேலை குறைவதில்லை. குறிப்புகள் கிடைக்காதவனும் வண்டியைத் திறக்கவே செய்வான், ஊகத்தால் திறப்பான். முறையாகக் கற்பிப்பதே தீங்கைக் குறைக்கும் வழி.

ஓர் ஓட்டையைக் கண்டு ஒரு சக்கரத்தையே வெறுத்தோரும் உண்டு; அதே ஓட்டையிலிருந்து புதிய டயரைக் கண்டோரும் உண்டு. எதுவார் மிஷெலினுக்கு வழிகாட்டியது மூன்று மணி நேரம் பாடுபட்டும் தோற்ற ஒரு பழுது. மாஜேயின் எண்ணெயைத் திருத்தியது துருப்பிடித்த உருண்டை. பழுதைத் திறந்து பாராதவர்க்கு இவை கிடைத்திரா. முழுப்பொருளை மாற்றிக்கொண்டே செல்லும் சமுதாயத்திற்குப் பொருள்கள் கிடைக்கும். அவை ஏன் கெட்டன என்ற அறிவு கிடைக்காது.

பள்ளியில் கைத்தொழிற் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு பழைய மிதிவண்டி டியூப்பையும் ஒரு கிண்ணம் சோப்பு நீரையும் மாணவர்முன் வைத்தால் போதும். குமிழி எழும் இடத்தைத் தேடும் பிள்ளை, விளைவிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லக் கற்கிறது. தாம்சன் தொடங்கி இன்றைய மின்னணு வண்டி வரை நீளும் இவ்வரலாறு முழுவதும் அக்குமிழியைத் தேடியவர்களின் வரலாறே ஆகும்.